உறவு: இல்லை

வகுப்பில் அவளுக்கு டேப்பு என்று பெயர். பையில் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, மூன்று மீட்டர் அளவு டேப் ஒன்று எப்போதும் இருக்கும். பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டுக்கும் தன் முழங்காலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார்ப்பாள். யார் வீட்டுக்காவது போனால் உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியின் உயரத்தைக் கண்ணால் எடைபோட்டிருப்பாள். சின்ன வயதில் தையல்காரர் இவளுக்கு அளவெடுத்து முடித்ததும், டேப்பைப் பிடுங்கிக்கொண்டு இவள் அவருக்கு அளவெடுக்க ஆரம்பித்தாளாம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். இப்படிப்பட்ட பெண் கலை வடிவமைப்புக் கல்லூரியில் போய்ச் சேராமல் வேறெங்கே போய்ச் சேருவாள்?

அப்பா லிஃப்ட்டுக்காரர். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக மேலே போய்க் கீழே வந்துகொண்டிருக்கிறார். பல் டாக்டர், இரண்டு வக்கீல்கள், மூக்குக்கண்ணாடிக் கடை, ஏகப்பட்ட ஆபீஸ்கள் என்று ஜனம் வந்து போகிற இடம். ஆனால் லிஃப்ட்டுக்காரர் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. அவர்களுடைய இரண்டு அறை மூன்றாவது மாடியில் இருந்தது. சாயங்காலம் ஐம்பத்துநாலு படி ஏறி வந்து, "நாள் பூரா ஊரையே ஏத்தி இறக்கினேன், என்னை ஏத்திவிட ஒருத்தர் இல்ல" என்பார். தினமும் அதே ஜோக்தான். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் கட்டில்மேல் தூக்கிப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். இடுப்பு தரையோடு ஒட்டினால்தான் வலி இறங்கும். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் வீட்டில் யாரும் அவரோடு பேசுவதில்லை. அப்படி யாரும் சட்டம் போடவில்லை, தானாகவே வழக்கமாகிவிட்டது.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு நல்ல இருக்கை. சத்தியமாக அப்பாவை நினைத்து எடுத்ததில்லை. டிக்கெட் கவுண்டருக்குப் போனாள், உள்ளே வெளியாட்கள் வரக் கூடாது என்றார்கள். மருந்துக்கடைக்குப் போனாள், வியாபாரம் கெடும் என்றார்கள். கார் நிறுத்துமிடத்துக் கூண்டில் இருந்தவர் மட்டும் சந்தோஷமாகச் சரி என்றார். மறுநாள் போனால் ஆளே இல்லை, வேலையை விட்டுப் போய்விட்டார். இப்படியே இரண்டு வாரம் ஓடிவிட்டது. மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் தலைப்பும் பங்கேற்பாளரும் முடிவாகிப் படிவம் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு மாற்றினால் ஒரு வருடம் போச்சு.

அப்பா ஒருத்தர்தான் மிச்சம். ஆனால் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. முந்தைய வருடம் வகுப்பில் பாதிப் பேர் சொந்த அம்மாவையும் சொந்தச் சமையலறை அலமாரியையும் வைத்தே பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். கல்லூரிக்கு மூக்கு வியர்த்துவிட்டது. இந்த வருடம் படிவத்தில் எட்டாவதாக ஒரு கட்டம் புதிதாக முளைத்திருந்தது. பங்கேற்பாளருக்கும் ஆய்வாளருக்கும் உள்ள உறவு. உறவு இருந்தால் ஆய்வு செல்லாது, முத்திரை கிடையாது.

மூன்று ஐம்பதுக்கு அவள் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். நாலு எழுத்துகூட இல்லாத சொல். எழுதி முடிக்க ஒரு நொடி ஆகியிருக்குமா?

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா கோபப்படவில்லை, அவருக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது. "அப்ப உன்ன நான் எப்படிக் கூப்பிடறது?" என்றார். லிஃப்ட்டில் எல்லோரையும் கூப்பிடுவதுபோல மேடம் என்று கூப்பிடச் சொன்னாள். அன்று முழுக்க ஒத்திகைதான். மேடம், கொஞ்சம் தண்ணி குடுங்க மேடம். மேடம், அந்த ஃபேனைப் போடுங்க மேடம். அம்மா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் லிஃப்ட்டுக்காரரிடம் ஒரு குணம், எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். மறுநாளிலிருந்து இருவரும் வேறு வேறு பஸ்ஸில் போனார்கள். வாசலில் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நடந்தார்கள். ஒரே அடுப்பில் ஆன சாப்பாட்டை அவர் தரைத்தளத்தில் படிக்குக் கீழேயும் அவள் நாலாம் மாடி ஜன்னலோரத்திலும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கட்டடத்து மேனேஜரிடம் அனுமதி வாங்குவது சுலபமாகவே முடிந்தது. எண்களின்மேல் பிரியம் உள்ள மனிதர் அவர். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஆய்வு முடிந்ததும் கல்லூரி முத்திரையோடு தனக்கு ஒரு பிரதி வேண்டும். இவள் உச்சி குளிர்ந்து, ஒன்று என்ன, இரண்டாகவே தருகிறேன் என்று வாயை விட்டாள்.

லிஃப்ட்டின் உள்பக்கம் நூற்றுப் பத்துக்கு நூற்று முப்பது சென்டிமீட்டர். மூலையில் ஒரு முக்காலி. சாய்மானம் கிடையாது, மேல்பலகை ஒரு தட்டு அகலம். மடிக்கும் கம்பிக் கதவு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டில் எது சரியாக மூடாவிட்டாலும் வண்டி நகராது. ஜனங்களோ இறங்கினோமா போனோமா என்று கதவைத் திறந்துபோட்டுப் போய்விடுவார்கள். அதனால்தான் ஆள். ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு கதவு திறக்க வேண்டும், இரண்டு கதவு மூட வேண்டும். அத்தனையும் முக்காலியில் உட்கார்ந்தபடியே, இடுப்பை இடப்பக்கம் முறுக்கித்தான். ஒன்பது நாள் எதிர் மூலையில் தரையில் குந்தி உட்கார்ந்து, அட்டையில் தாளைச் செருகி வைத்து அவள் கோடு கோடாகப் போட்டாள். ஒரு நாளைக்குச் சராசரி இருநூற்றுப் பதினாலு பயணம். எண்ணூற்று ஐம்பத்தாறு முறுக்கு.

முதல் நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோதே அவளுக்கு அழுகை வந்தது. பதினைந்து வருடமாகத் தரையில் படுத்த இடுப்பைப் பார்த்திருக்கிறாள், அது எங்கே போய் அப்படி ஆகிறது என்று பார்த்ததில்லை. பங்கேற்பாளரைப் பார்த்து ஆய்வாளர் அழக் கூடாது. ஐந்தாம் மாடியில் இறங்கிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். "எந்த மாடி மேடம்?" என்று அப்பா கேட்டார். லிஃப்ட்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

அவளுடைய வழிகாட்டி ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஏன் டீச்சர். எதைக் காட்டினாலும் ஏன் என்று கேட்பார். நல்ல மனுஷி, கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஒரு பிரச்சினையை எடுத்து ஐந்து முறை ஏன் கேட்டால் அதன் வேர் கிடைத்துவிடும் என்பது அவர் படித்த முறை, மற்றவர்களுக்கும் படிப்பிக்கிற முறை. அன்று ஸ்டூடியோச் சுவரில் மஞ்சள் தாள்களை ஒட்டிக்கொண்டே கேட்டார். ஆய்வுத் தாளில் அப்பாவின் பெயர் பங்கேற்பாளர் ஒன்று. பங்கேற்பாளர் ஒன்றுக்கு ஏன் இடுப்பு வலி? சாய்மானம் இல்லாத முக்காலி என்றாள். ஏன் முக்காலி? வேறு எதற்கும் இடமில்லை. ஏன் அவ்வளவு சின்ன இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்? கதவை மூட வேண்டுமே. ஏன் அவர் மூட வேண்டும்? ஜனங்கள் மூடுவதில்லை. ஏன் ஜனங்கள் மூட வேண்டும், கதவு தானாக மூடிக்கொண்டால் என்ன?

ஐந்தாவது மஞ்சள் தாள் சுவரில் ஏறியது. ஏன் டீச்சருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தியா, உன்னோட பிரச்சினை இருக்கையே இல்ல. அந்த வேலையே தேவையில்ல. இதுதான்மா நிஜமான கண்டுபிடிப்பு."

அவள் திருதிருவென்று விழித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் நல்ல பிள்ளையாக உண்மையையே சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் பார்த்தால் அப்பா முக்காலியோடு சேர்த்துத் துடைத்து எடுக்கப்பட்டிருந்தார். வயதானவர்களுக்கு, நடக்க முடியாதவர்களுக்கு அவர் உதவுகிறாரே என்று இழுத்தாள். எத்தனை முறை என்று டீச்சர் கேட்டார். அதையும் இந்த மகராசி எண்ணி வைத்திருந்தாள். ஒன்பது நாளில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு பயணம், அதில் உதவி முப்பத்தொன்று. பல் டாக்டரிடம் போகிற குழந்தைகளிடம் அப்பா, அங்கே ஒரு மீன்தொட்டி இருக்கிறது, அதில் எத்தனை மீன் என்று எண்ணி வந்து எனக்குச் சொல்லணும் என்பார். அழுதுகொண்டு ஏறிய குழந்தை இறங்கும்போது மீனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே போகும். அதற்கு அவள் தாளில் கட்டம் போட்டிருக்கவில்லை. கட்டம் இல்லாதது ஆய்வில் இல்லை.

தானியங்கிக் கதவு என்பது ஐந்தாவது அத்தியாயமாக வர வேண்டும், இருக்கையைச் செய்து காட்டுவதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஐந்தாவது அத்தியாயம் இல்லாவிட்டால் அவர் கையெழுத்துப் போடமாட்டார். பங்கேற்பாளர் என் அப்பா என்று சொன்னால் ஆய்வே செல்லாது. சொல்லாவிட்டால் அறிக்கை மேனேஜர் கைக்குப் போகும். அவரோ கதவு மாற்றச் சொல்லி இரண்டு வருடமாகக் கட்டடத்து முதலாளிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். வெளியிலிருந்து முத்திரை போட்ட ஆய்வு ஒன்று இருந்தால் பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். டீச்சரிடம் விஷயத்தைக் கேட்டறிந்த மேனேஜர் இதைப் போனில் சொல்லிவிட்டு, நீ நல்லா இருக்கணும்மா என்று மனசார வாழ்த்தினார். ஆப்பசைத்த குரங்கைப்போல அவள் மாட்டிக்கொண்டாள். அசைத்ததும் அவள்தான், மாட்டிய வாலும் அவளுடையதுதான்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை மூன்று வாரம் உட்கார்ந்து அழகாக டைப் அடித்தாள். ஐந்தாவது அத்தியாயத்தில் எப்படியாவது ஓட்டை விட்டுவிடலாம் என்று பார்த்தாள், கை வரவில்லை. அளவு சரியாக இருக்க வேண்டும் என்கிற புத்தி அவளை விடவில்லை. நன்றிப் பக்கத்தில் முதல் வரி 'என் பெற்றோருக்கு'. ஏழாவது வரி 'பங்கேற்பாளர் ஒன்றுக்கு'.

அம்மாவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் பைண்டிங் வேலை. ஊர் மாணவர்களின் அறிக்கை எல்லாம் அம்மா கையால்தான் தைபடும். எதையும் படிக்கமாட்டாள், பக்க எண் சரியா என்று மட்டும் பார்ப்பாள். மகளுடையதை மட்டும் படித்துவிட்டாள். பகல் பன்னிரண்டு மணிக்கு, கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்க, பிரதியை வாங்க வந்தவளை உள்பக்கம் கூப்பிட்டாள். ஐந்தாவது அத்தியாயம் தொடங்குகிற எண்பத்துமூன்றாம் பக்கத்தில் அம்மாவின் விரல் இருந்தது.

"இத நீதான் எழுதுனியா?"

ஆமாம் என்றாள்.

"அவருக்குத் தெரியுமா?"

இன்னும் இல்லை, சொல்லிவிடுகிறேன் என்றாள். அம்மா கருநீல அட்டையை எடுத்து, ஓரத்தை மட்டம் தட்டி, மெஷினுக்குள் தள்ளினாள். மற்ற எல்லா அறிக்கைகளையும்போல அதுவும் கச்சிதமாகத் தைபட்டு வெளியே வந்தது.

சொல்லிவிடத்தான் நினைத்தாள். நாலு சாயங்காலம் அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாள். முதலில் அந்த இருபது நிமிடம் பேசக் கூடாது. அது முடிந்ததும் அவரே எழுந்து இருக்கையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார். மடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளுமா, முதுகுப் பலகை எவ்வளவு உயரம், இடப்பக்கம் சுழலுமா. சுழலும் என்றாள். கதவுப் பக்கம் உடம்பே திரும்பும்படி செய்திருந்தாள், இடுப்பு முறுக வேண்டியதே இல்லை. "என் பொண்ணு செஞ்ச சீட்டுன்னு எவன்கிட்டயும் சொல்ல முடியாது, அதான் கொடுமை" என்று சிரித்தார். அவள் வந்த வார்த்தையை மென்று முழுங்கினாள். நாலு நாளும் இதே கதைதான்.

நடுவர் முன்னால் ஆய்வை வைக்கிற நாளில் பங்கேற்பாளரும் வந்து, செய்த பொருளைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும் என்பது அந்தக் கல்லூரி வழக்கம். அப்பா சீருடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வேறு பஸ்ஸில் வந்தார். முன்வரிசையில் விருந்தாளியாக மேனேஜர். வெளியிலிருந்து வந்த நடுவர், கழுத்தில் கயிறு போட்டுக் கண்ணாடி தொங்கவிட்ட பெரிய மனிதர், பெயர் சொன்னால் மாணவர்கள் எழுந்து நிற்கிற ஆள்.

அவள் நூற்றுப் பத்துக்கு நூற்று முப்பதில் ஒட்டுப்பலகையால் ஒரு லிஃப்ட்டையே அடித்து வைத்திருந்தாள், கதவு மட்டும் இல்லை. அப்பா உள்ளே போய் இருக்கையை இறக்கி உட்கார்ந்தார். இடப்பக்கம் திரும்பினார். இருக்கை வழுக்கிக்கொண்டு கூடவே திரும்பியது. இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாதிரி வெட்கம் வந்தது, புதுச் சட்டை போட்டவருக்கு வருமே, அது. "நல்லா இருக்குங்க. மேடம் நல்லா செஞ்சிருக்காங்க" என்றார்.

அப்போது மேனேஜர் எழுந்தார். அவரை யாரும் கேட்கவில்லை, அவருக்குப் பொறுக்கவில்லை. இருக்கை அருமை, ஆனால் தனக்கு உண்மையில் பயன்பட்டது டீச்சர் முன்கூட்டியே அனுப்பிவைத்த ஐந்தாவது அத்தியாயம் என்றார். இந்தப் பெண் எண்ணிய எண்களை வைத்து முதலாளிகள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்றும், முத்திரை விழுந்த பிரதி கைக்கு வந்ததும் அடுத்த மாதமே தானியங்கிக் கதவு என்றும், அப்புறம் ஆளே வேண்டியதில்லை என்றும் சொன்னார். கையைத் தட்டச் சொல்வதுபோல எல்லோரையும் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அப்பா இருக்கையில்தான் இருந்தார். அவர் இடது கை மெல்ல நீண்டு, கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தேடியது. அங்கே கதவு இல்லை. கையை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். மகளை அவர் பார்க்கவில்லை. இதற்குமேல் தாங்காது என்று அவளுக்கு ஆகிவிட்டது. பட்டமாவது மண்ணாவது.

"சார், இந்த ஆய்வு செல்லாது. எட்டாவது கட்டத்துல பொய் எழுதிட்டேன். இவரு எங்க அப்பா."

ஏன் டீச்சர் முதல்முறையாக ஏன் என்று கேட்காமல் நின்றார். கயிற்றுக் கண்ணாடிக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அப்பாவின் பக்கம் திரும்பி, இது உண்மையா என்று மரியாதையாகவே கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார். பத்தொன்பது வருடம் பெரியவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய அதே பணிவு, அதே குரல்.

"இல்லைங்க சார். அப்பா மாதிரின்னு நினைச்சுச் சொல்றாங்க. எனக்கு வேலை போகுதுன்னதும் மனசு கேக்கல போல. எனக்குப் பொண்ணே கிடையாதுங்க."

அவள் வாயைத் திறந்தாள். இல்லை சார், நிஜமாகவே என்று ஆரம்பித்தாள், குரல் உடைந்து அழுகைதான் வந்தது. அந்த அழுகையைப் பார்த்துக் கயிற்றுக் கண்ணாடிக்காரரின் கண்ணும் கலங்கிவிட்டது. முப்பது வருடமாக மாணவர்களிடம் தான் எதிர்பார்த்தது இதைத்தான் என்றார். யாருக்காகப் பொருள் செய்கிறோமோ அவரைத் தகப்பனாகவே உணர்கிற மனசு, இதைப் பாடத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது என்றார். மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் படிவத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார்கள். எட்டாவது கட்டத்தில் 'இல்லை' என்று நீல மையில் தெளிவாக இருந்தது. அந்த வருடத்தின் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். முத்திரை அங்கேயே, அவள் கண்ணெதிரே, இரண்டு பிரதியிலும் விழுந்தது. ஒன்றை மேனேஜர் கையோடு வாங்கிக்கொண்டு போனார்.

பஸ் நிறுத்தத்தில் வகுப்புப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள், அதனால் அப்பா நாலடி தள்ளி நின்றார். பஸ்ஸிலும் அவர் முன்னால், அவள் பின்னால். பிள்ளைகள் எல்லாம் இறங்கிப் போன பிறகுதான் அவள் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ கட்டத்துல எழுதினத நான் வாயால சொன்னேன். அவ்வளவுதான்."

ஐம்பத்துநாலு படியையும் அவர் ஏறி முடித்தார். அந்த ஜோக்கை அன்றைக்குச் சொல்லவில்லை. அம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அப்பா சீருடையோடு தரையில் மல்லாந்து, காலைக் கட்டில்மேல் தூக்கிப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். இருபது நிமிடம் ஆயிற்று. இருபத்தைந்து ஆயிற்று. அவர் தூங்கவில்லை, இமை அசைந்துகொண்டுதான் இருந்தது. கூப்பிட நினைத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.